பள்ளியறைக் கண்ணாடியும் கைக்கண்ணாடியும்

சுவாமித்தோப்புத் தலைமைப்பதியானாலும் சரி, காரைக்குடிப் பக்கம் ஏதோ ஒரு தெருவில் ஓடு வேய்ந்த சின்ன நிழல்தாங்கலானாலும் சரி, பள்ளியறையில் சிலை இராது. விளக்கு இருக்கும், விளக்குக்குப் பின்னே கண்ணாடி இருக்கும். தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் தரித்து முன்னே நிற்கிறவருக்கு அந்தக் கண்ணாடியில் தெரிவது அவருடைய முகந்தான். உன்னுள் இருக்கும் இறைவனை உன்னிடத்திலேயே தேடு என்று வைகுண்டப் பரம்பொருள் வைத்த ஏற்பாடு அது. பூசாரி சொல்லி அறிய வேண்டாம், குறிகாரன் சொல்லி அறிய வேண்டாம், காணிக்கை கொடுத்து அறிய வேண்டாம். நின்று பார்த்தால் போதும்.

இப்போது ஒவ்வொருவர் மடியிலும் சட்டைப் பையிலும் இன்னொரு கண்ணாடி இருக்கிறது. அதை அணைத்து வைத்திருந்தால் கறுப்பாக இருக்கும். அதிலும் மங்கலாக முகம் தெரியும். ஒளியேற்றிய மறுகணம் அந்த முகம் மறைந்து ஊரார் முகம், உலகத்தார் முகம், யாரென்றே அறியாதவர் முகம் என வரிசை கட்டி வரும். விரலால் தள்ளத் தள்ள வரும். அதற்கு முடிவு கிடையாது. முடிவு இல்லாதபடிதான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, செய்தித்தாளுக்கும் உண்டு. ஏடு வாசிப்புக்குக்கூடப் பதினேழாம் நாள் உண்டு. இதற்கு மட்டும் இல்லை.

இந்தக் கைக்கண்ணாடியால் கண் கெடும், கழுத்து வலிக்கும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இந்தச் சிறு ஏட்டில் சொல்ல வந்தது வேறு. ஒரு மனிதர் வாழ்வில் எடுக்கிற முடிவுகள் இருக்கின்றனவே, பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது, இருக்கிற காணி நிலத்தை விற்பதா வைத்துக்கொள்வதா, மகளை எந்த வீட்டில் கொடுப்பது, யார் சொல்லும் செய்தியை நம்புவது, யாரைப் பகைப்பது, அந்த முடிவுகள் எந்தக் கண்ணாடிக்கு முன்னால் எடுக்கப்படுகின்றன என்பதைப் பற்றியே பேச்சு.

அகிலத்திரட்டு அம்மானை கேட்டவர்களுக்கு ஓர் அரசன் எடுத்த முடிவு நன்றாகத் தெரியும். திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மன்னனிடம், தெற்கே ஒரு பண்டாரம் தவமிருக்கிறான், தாழ்ந்த குலத்தார் எல்லாம் அவன் பின்னே திரள்கிறார்கள், நாட்டுக்கு ஆகாது என்று கோள் போயிற்று. ஒருவர் சொன்னதையே பத்துப் பேர் சொன்னார்கள். பத்துப் பேர் சொன்னதால் அது உண்மை போல் ஆயிற்று. அரசவையில் பூவண்டர் என்று ஆயர் குலத்தவர் ஒருவர் இருந்தார். பரம்பொருள் எந்தக் குலத்திலும் அவதரிக்கக்கூடும், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் மட்டும் எடுத்துச் சொன்னார். அரசன் கேட்கவில்லை. அய்யாவைப் பிடித்து வரச் சொன்னான். கைக்குள் மோதிரத்தை மறைத்து வைத்துக்கொண்டு இது என்ன என்று சோதித்தான். அய்யா வாய் திறக்கவில்லை. புலிக்கூட்டில் விட்டும் பார்த்தார்கள். சிங்காரத்தோப்புச் சிறையில் நூறு நாளுக்கும் மேலாக வைத்திருந்து, 1839ஆம் ஆண்டு விடுவித்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசனிடம் படை இருந்தது, ஒற்றர் இருந்தனர், அறிவாளிகள் இருந்தனர். செய்திக்குக் குறைவே இல்லை. கலி அவனை ஏமாற்றியது செய்தி இல்லாமற் செய்து அல்ல, ஒரே செய்தியைப் பல வாயால் சொல்ல வைத்து. மறுத்துச் சொன்ன ஒரே குரலையும் அவன் தள்ளிவிட்டான். சிறையில் கிடந்தவரோ யார் என்ன சொன்னாலும் தம் முடிவிலிருந்து இம்மியும் அசையவில்லை. அதற்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் தவமிருந்தவர் அவர். முதல் இரண்டாண்டு ஆறடிக் குழிக்குள்ளே கழிந்தது. ஊர்ப்பேச்சு எட்டாத இடத்தில் அத்தனை காலம் இருந்தவருடைய மனத்தைக் கோள் எப்படி அசைக்கும்?

கோள் இன்று கால் வைத்து நடப்பதில்லை, பறக்கிறது. 2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூர் என்ற ஊரில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்க முடியாது. சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் ஐந்து பேர் தங்கள் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்தார்கள். அவர்களில் மலேசியாவிலிருந்து வந்த உறவினரும் உண்டு. ஒரு மூதாட்டியிடம் வழி கேட்டார்கள். அங்கே நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அதற்கு முன் சில வாரங்களாக, பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் ஊருக்குள் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரற்பதிவுகளும் படங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. மிட்டாய் கொடுத்த கை பிள்ளை பிடிக்கும் கையாகத் தெரிந்துவிட்டது. கூட்டம் கூடி அடித்ததில் அறுபத்தைந்து வயது அம்மையார் ஒருவர் மாண்டார். மற்றவர்கள் குற்றுயிராய்த் தப்பினார்கள். அதே மாதத்தில் பழவேற்காட்டிலும் வீடு வாசல் இல்லாத ஒருவரை இதே ஐயத்தில் அடித்துக் கொன்றார்கள்.

செட்டிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் அதிகமாகவே சுட வேண்டும். குலதெய்வம் தேடி, நகரக் கோயில் தேடி, பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டைத் தேடி மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முகந்தெரியாத உறவினர்கள் வந்து தெருமுனையில் வழி கேட்பது இங்கே ஆண்டு முழுக்க நடப்பது. வழி கேட்டவரைத் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசுவது இந்தச் சீமையின் வழக்கம். அத்திமூரிலும் அந்த வழக்கம் இருந்திருக்கும். அங்கே இருந்தவர்கள் பிறவிக் கொலைகாரர்கள் அல்லர். பிள்ளைகளைப் பெற்றவர்கள், காடு கழனியில் வேலை செய்கிறவர்கள். வாரக்கணக்கில் அச்சத்தைப் பார்த்துப் பார்த்து, கண் முன்னே நிற்கிற கிழவியின் முகத்தைப் பார்க்க முடியாமற் போனவர்கள். அங்கே ஒரு பூவண்டர் இருந்து, கொஞ்சம் பொறுங்கள், அவர்களிடமே கேட்போம் என்று சொல்லியிருந்தால்? சொன்னவரும் இருந்திருக்கலாம். கூச்சலில் கேட்டிருக்காது.

இதுபோல நாட்டில் பல இடங்களில் நடந்த பிறகுதான், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுவுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு வைத்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. அனுப்புகிறவர் ஒரு நிமிடமாவது யோசிக்கட்டும் என்பதே எண்ணம். ஒரு வணிக நிறுவனமே வேகத்தடை போட வேண்டியிருந்தது என்றால், வண்டி எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கும்பல் செய்கிற பெரும்பிழை வேறு, தனி ஒருவர் வீட்டுக்குள் எடுக்கும் சிறுமுடிவு வேறு என்று ஒரு சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஒருவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 71 பேரை எடுத்துக்கொண்டார்கள். முகநூல் எந்த அளவுக்கு அவர்களைப் பிடித்திருக்கிறது என்று முதலில் கேட்டார்கள். எத்தனை மணி நேரம் என்ற கேள்வியோடு நிற்கவில்லை. எந்நேரமும் அதே நினைப்பா, பார்க்க முடியாதபோது தவிப்பா, விட முயன்று தோற்றீர்களா, படிப்பு வேலை கெட்டதா என்கிற மாதிரிக் கேள்விகள். பிறகு நான்கு சீட்டுக்கட்டுகளை முன்னால் வைத்து ஓர் ஆட்டம் ஆட விட்டார்கள். சில கட்டுகளில் எடுத்தவுடன் பெரிய ஆதாயம் வரும், ஆனால் இடையிடையே அதைவிடப் பெரிய நட்டம் வந்து விழும். மற்றவற்றில் சின்ன ஆதாயம், சின்ன நட்டம், முடிவில் மிச்சம். ஆடுகிறவருக்கு இதைச் சொல்வதில்லை. அடிபட்டு அடிபட்டு அவரே கற்றுக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்குள் பாடம் படித்து நல்ல கட்டின் பக்கம் வந்துவிடுவார்கள். முகநூலின் பிடி யாரிடம் அதிகமாக இருந்ததோ, அவர்கள் அந்தக் கடைசிப் பகுதியிலும் மோசமாக ஆடினார்கள்.

அந்தப் பழக்கந்தான் அவர்களைக் கெடுத்தது என்று இந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. பலனைப் பொறுத்துப் பார்க்கத் தெரியாத மனம்தான் அதில் போய் விழுகிறதோ என்னவோ. ஆனாலும் இரண்டும் ஒட்டியே திரிகின்றன என்பது தெரிகிறது. உடனே கிடைக்கும் சின்ன இனிப்புக்குப் பழகிய கை, பின்னால் வரும் பெரிய கசப்பிலிருந்து பாடம் படிப்பதில்லை. அகிலத்தைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கலியன் வரம் வாங்கும்போது பின்னால் வரப்போவதை எண்ணிப் பார்த்தா வாங்கினான்? கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆசைப்பட்டு வாங்கிய சக்கரம் பணமாகிப் போயிற்று. வரமே அவனுக்கு வலையாயிற்று.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்த வீடுகளைக் கட்டிய பணம் எப்படி வந்தது என்று கேட்பவர் குறைவு. லேவாதேவியின் நன்மை தீமை வேறு பேச்சு, அதை இங்கே எடுக்க வேண்டாம். அந்தத் தொழிலில் பையன்களைப் பழக்கிய முறை மட்டும் இங்கே பொருந்தும். இளம் வயதில் கப்பலேறி ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ போகிறவன் முதலில் பெட்டியடிப் பையன். பெட்டியருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏவின வேலை செய்து, பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அடுத்தாள். அதற்கும் பிறகு மேலாள். கடன் கேட்டு வருகிறவரின் பேச்சையும் நிலத்தையும் பழைய கணக்கையும் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று தானே முடிவு செய்யும் உரிமை பல ஆண்டு கழித்தே கைக்கு வரும். ஊரிலிருந்து ஒரு கேள்விக்குப் பதில் வரக் கப்பல் தபாலில் நாட்கணக்கு, வாரக்கணக்கு ஆகும். அதுவரை பொறுத்திருக்கத் தெரிந்தவனே அங்கே பிழைத்தான். நாளின் முடிவில் பேரேட்டில் பற்றும் வரவும் எழுதி முடித்தாக வேண்டும். தப்பாகக் கொடுத்த கடன் அந்த ஏட்டில் கண்ணெதிரே நிற்கும், விரலால் தள்ளிவிட முடியாது.

இன்றைக்கு அதே ஊரில் ஓர் எளிய குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். தெற்கே திருநெல்வேலி, குமரிப் பக்கமிருந்து தொழில் தேடி வந்து கடை போட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. நிழல்தாங்கலில் அய்யாவின் முன்னே எளிமையாக நடத்தி, வந்தவர்களைச் சரிசமமாக உட்காரவைத்துச் சோறு போட்டால் நிறைவாக முடிந்துவிடும். ஆறு மாதமாகப் பெண்ணும் தாயும் கையில் பார்த்ததோ வேறு. பழைய செட்டிநாட்டு மாளிகையை நாள் வாடகைக்கு எடுத்து, தூணுக்குத் தூண் பூச்சுற்றி, வானத்தில் சின்ன விமானம் பறக்க விட்டுப் படம் பிடித்த கல்யாணங்கள். ஒன்றைப் பார்த்து நிறுத்தியதால் அதைப் போல இருபது வந்து நின்றன. உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டது. தகப்பன் வட்டிக்கு வாங்கினார். கடையிலிருந்த முதலும் கரைந்தது. அந்தக் குடும்பத்தில் யாரும் தீயவர் இல்லை, மூடரும் இல்லை. எவ்வளவு செலவு செய்யலாம் என்ற கேள்வியைத் தங்கள் கல்லாப்பெட்டியிடம் கேட்காமல் பிறத்தியாருடைய படங்களிடம் கேட்டுவிட்டார்கள். அந்தப் படங்களுக்குப் பின்னாலிருக்கும் கடன் படத்தில் விழுவதில்லை என்பதும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

மனநலத்துக்கும் இதுவே வழி. அமெரிக்க நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி 2023 மே மாதம் விடுத்த அறிவுரையில், நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இதில் கழிக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற துன்பங்களின் ஆபத்து இரண்டு மடங்கு என்று எடுத்துக்காட்டினார். ஆஸ்திரேலியா 2024இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் இவற்றில் கணக்கு வைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. சட்டம் எவ்வளவு காக்கும் என்பது போகப்போகத் தெரியும். இந்த ஊர்ப் பிள்ளைகளின் படுக்கையறைக்குள் எந்தச் சட்டமும் இன்னும் வரவில்லை. அங்கே தாய் தகப்பன்தான் வர வேண்டும். அவர்கள் கையிலும் அதுவே இருந்தால் பிள்ளை யாரைப் பார்த்துப் படிக்கும்? இரவு ஒரு மணிவரை விழித்திருந்து, பிறத்தியார் சிரிப்பையெல்லாம் பார்த்துவிட்டுத் தூங்குகிறவர், காலையில் எழும்போதே ஏதோ குறைந்துவிட்டது போன்ற மனத்தோடு எழுகிறார். அந்த மனத்தோடு கடை திறக்கிறார், அந்த மனத்தோடு மனைவியிடம் பேசுகிறார், அந்த மனத்தோடு அன்றைய முடிவுகளை எடுக்கிறார்.

கைபேசியைத் தூக்கி ஊருணியில் போடச் சொல்லும் பேச்சு இல்லை இது. வளைகுடா நாட்டில் வேலை செய்கிற பிள்ளை திருஏடு வாசிப்பை அதில்தான் கேட்கிறான். படுக்கையில் கிடக்கும் பாட்டி கொடியேற்றத்தை அதில் பார்த்துக் கண்ணீர் விடுகிறாள். நன்மையே. ஆனால் உகப்படிப்பு நடக்கும்போது இடுப்பில் அது நடுங்குவதும், ஒரு கண் ஏட்டின் மேலும் ஒரு கண் மடியின் மேலுமாக இருப்பதும், பள்ளியறைக் கண்ணாடி முன் நின்றுகொண்டே இந்தக் கண்ணாடியால் தன்னைப் படம் எடுத்துக்கொள்வதும் என்ன பணிவிடை?

அய்யா தம் மக்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். அதன் பெயர் துவையல் தவசு. எழுநூறு குடும்பங்கள், ஆண் பெண் பிள்ளைகளோடு, வீட்டையும் பழகிய வாழ்வையும் விட்டு வாகைப்பதிக் கடற்கரைக்குப் போனார்கள். கடலில் குளித்து, உடுத்ததைத் துவைத்து, பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கியதை ஒருவேளை மட்டும் உண்டு இருந்தார்கள். உடம்பைத் துவைத்ததோடு மனத்தையும் துவைத்தார்கள். நெடுங்காலம் அடிமைப்பட்டுக் கிடந்து, பிறர் சொன்னபடி நடந்து நடந்து, தன் முடிவு என்று ஒன்று உண்டென்பதையே மறந்திருந்த மக்கள் அவர்கள். அந்தக் கடற்கரையில் காலை எழுந்தது முதல் படுக்கும்வரை என்ன செய்வது என்பதைத் தாங்களே ஒழுங்கு செய்து வாழப் பழகினார்கள். திரும்பி வந்தபோது பழைய ஆட்களாக வரவில்லை.

இப்போது யாரும் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. காரைக்குடியில் கடலும் கிடையாது. வீட்டுக்குள்ளேயே ஒருவேளைத் துவையல் வைத்துக்கொள்ளலாம். விளக்கேற்றியது முதல் இரவுச் சாப்பாடு முடியும்வரை எல்லோருடைய கைபேசியும் ஒரே இடத்தில் இருக்கட்டும், தகப்பனுடையதும் சேர்த்து. தகப்பனுடையது வெளியே இருந்தால் அது தவசு ஆகாது, தண்டனை ஆகிவிடும். பணம், நிலம், கல்யாணம், பகை, இந்த நான்கில் எந்த முடிவானாலும் ஒரு ராத்திரி தாண்டட்டும். மறுநாள் காலை, அந்தக் கைக்கண்ணாடியைத் தொடுவதற்கு முன்னால், வீட்டு விளக்கின் முன்னே நின்று இது என் மனம் சொன்னதா, பார்த்த படம் சொன்னதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். குடும்பக் குழுவில் வரும் அச்சுறுத்தும் செய்திக்கு, இது உண்மையா, யார் பார்த்தது என்று கேட்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று அடக்க வேண்டாம். அந்த வீட்டுப் பூவண்டர் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடைக்கு நிழல்தாங்கல் வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஒரு பலகை அடித்து, செட்டிநாட்டு ஓலைக் கொட்டான் இரண்டை வைத்துவிட்டால் போதும். உள்ளே வருகிறவர் கைபேசியை ஒலி நிறுத்தி அதில் போட்டுவிட்டுத் தலைப்பாகை கட்டட்டும். உச்சிப்படிப்பு முடிந்து, அன்னம் வாங்கிச் சாப்பிட்டு, பக்கத்தில் இருக்கிறவரிடம் நலம் கேட்டுவிட்டுப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் கொட்டானுக்குள்ளிருந்து மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும், சிலர் எழுந்து எழுந்து பார்க்கத்தான் செய்வார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணியையோ நோயாளியையோ விட்டுவிட்டு வருகிறவர்கள் கவலைப்படாமல் உட்கார, பணிவிடைக்காரரின் கைபேசி ஒன்று மட்டும் ஒலியோடு இருக்கட்டும். அந்த எண்ணை வீட்டில் எழுதி வைத்துவிட்டு வரலாம்.

அய்யா உண்டு.